புது கிட் வாங்கும் முன்: பழைய ஸ்கிராப்புக் சரக்கும் அதைத் தோண்டியெடுக்கும் மென்பொருள்களும்

குடும்பப் படங்களைக் கணினியிலேயே அலங்கரித்து ஆல்பப் பக்கமாக்கும் டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்கிறவர்களின் ஹார்ட் டிஸ்கில் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. தள்ளுபடியில் வாங்கியது, இலவசமாகக் கிடைத்தது, ஒரே ஒரு ரிப்பன் பிடித்துப்போனதற்காக முழுசாக வாங்கிய கிட் (அலங்காரப் படங்களின் தொகுப்பு), இன்னும் ஜிப்பைக்கூடப் பிரிக்காதது என்று அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆனால் ஒரு பக்கம் செய்யலாம் என்று உட்கார்ந்தால் கை போவது என்னவோ கடைசியாக டவுன்லோட் செய்த கிட்டுக்குத்தான். அதனால் இந்த முறை புதிதாக எதையும் வாங்கி ரிவ்யூ எழுதவில்லை. ஏற்கெனவே இருக்கிற பழைய கிட்டுகளையும், அவற்றைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவர உதவும் நாலைந்து மென்பொருள்களையும் எடை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கிட் அலுத்துப்போவதற்குக் காரணம் அதன் டிசைன் இல்லை, அது அடைந்து கிடக்கிற ஃபோல்டர். நேரமோ காசோ செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் எடிட்டருக்கு முன்னால் தேடிக் கொடுக்கிற மென்பொருளுக்குச் செலவழியுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு கிட் எப்படி வருகிறது? ஒரு பேர், ஒரு முன்னோட்டப் படம், உள்ளே பேப்பர்களுக்கு (பின்னணித் தாள்கள்) ஒரு ஃபோல்டர், எலிமென்ட்களுக்கு (பூ, ரிப்பன், பட்டன் மாதிரி உதிரி அலங்காரங்கள்) ஒரு ஃபோல்டர், சிலசமயம் எழுத்துகளுக்கு ஒன்று. அந்த முன்னோட்டப் படத்தை டிசைனர் எவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறாரோ அவ்வளவுக்கு அது நம் கண்ணைக் கட்டிவிடும். கடற்கரைக் கிட் என்று பேர் வைத்திருந்தால் அதிலுள்ள கயிறு கடற்கரைக்கு மட்டும்தான் என்று மூளை முடிவு செய்துவிடுகிறது. அந்தக் கயிறு வெறும் கயிறு. பள்ளிக்கூட ஆண்டு விழாப் படத்தைச் சுற்றிக் கட்டினாலும் பொருந்தும், மழைநாள் பக்கத்தில் துணி காயப்போடுகிற கொடியாகவும் ஆகும். ஆனால் பள்ளிக்கூடப் பக்கம் செய்யும்போது யாரும் கடற்கரை ஃபோல்டரைத் திறப்பதில்லை. கிட்டின் பேரை மறந்து கயிறாக மட்டும் அதைக் கண்ணில் காட்டுகிற வழி ஒன்று வேண்டும்.

சிலர் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து, எல்லாக் கிட்டையும் உடைத்துப் பூவெல்லாம் ஒரு ஃபோல்டர், பட்டனெல்லாம் ஒரு ஃபோல்டர் என்று கோப்புகளையே நகர்த்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டோடு வருகிற உரிம விதிகள் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். சொந்த உபயோகத்துக்கு மட்டுமா, விற்பனைக்குச் செய்கிற பொருளிலும் வைக்கலாமா, அடுத்தவருக்குச் செய்து கொடுக்கலாமா என்பதெல்லாம் அதில்தான். கோப்பை நகர்த்தினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும், டிசைனர் பேரும் போய்விடும். அப்புறம் ஒரு பூவைப் பார்த்து இது யாருடையது என்று கேட்டால் பதில் இருக்காது. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மேலே டேக், அதாவது தேடி எடுக்க உதவும் பேர்ச்சீட்டு, மட்டும் ஒட்டுங்கள்.

இந்த வேலைக்கு நான் முதலில் கை காட்டுவது டிஜிகேம். கேடிஇ திட்டத்தின் கீழ் வருகிற இலவச, திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். குடும்பப் படங்களை அடுக்கி வைப்பதற்காகச் செய்யப்பட்டதுதான், ஆனால் ஸ்கிராப்புக் சரக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. ஆல்பம் என்று அது காட்டுவது டிஸ்கில் இருக்கிற அதே ஃபோல்டரைத்தான், எதையும் அள்ளிக்கொண்டு வேறிடம் போவதில்லை. டேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம்: ‘பூ’ என்பதற்குள் ‘ஒற்றைப் பூ’, ‘கொத்து’, ‘வெறும் இலை’. தமிழிலேயே டேக் கொடுக்கலாம், தேடும்போது ஒழுங்காக எடுத்துத் தருகிறது. நட்சத்திரம், வண்ண முத்திரை என்று மற்ற அடையாளங்களும் உண்டு. நான் வண்ண முத்திரையை நிறத்துக்குப் பயன்படுத்துவதில்லை, ‘விற்பனைக்கு ஆகாது’ என்கிற உரிமக் குறிப்புக்குச் சிவப்பு, அவ்வளவுதான்.

நிறுவியதும் இரண்டு அமைப்புகளைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, டேக்குகளைக் கோப்புக்குள்ளேயே எழுதும் வசதி. அதைச் செய்யாவிட்டால் நீங்கள் உட்கார்ந்து ஒட்டியதெல்லாம் டிஜிகேமின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும், வேறு மென்பொருளுக்குப் போனால் தெரியாது. மூலக் கோப்பைத் தொட விருப்பமில்லாதவர்கள் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி துணைக் கோப்பில் எழுதச் சொல்லலாம். இரண்டாவது, அடர்ந்த நிறத் தீம். எலிமென்ட்கள் பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்புகள். வெள்ளை லேஸ், வெள்ளைப் பூ, வெள்ளைத் தையல் எல்லாம் வெளிர் பின்னணியில் கண்ணுக்கே படாது, வெறும் கட்டம்தான் தெரியும். அடர் சாம்பல் பின்னணி வைத்துப் பாருங்கள், இப்படியொன்று இருந்ததா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

நகல்களைக் கண்டுபிடிக்கும் வசதியும் இதில் உண்டு. ஒரே இலவசக் கிட்டை வேறு வேறு சமயத்தில் இறக்கி வைத்திருந்தால் அது பிடித்துக் கொடுக்கும். ஒற்றுமை அளவை நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தேடுங்கள். தளர்த்திவிட்டால் ஒரே மாதிரி இருக்கிற பட்டன்களையெல்லாம் நகல் என்று வரிசை கட்டிக் காட்டும், அதில் கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் வம்பு.

அடோபி பிரிட்ஜும் இதே வேலையைச் செய்கிறது. அடோபி கணக்கு ஒன்று இருந்தால் போதும், சந்தா இல்லாமலே இறக்கிக்கொள்ளலாம் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. பிஎஸ்டி டெம்ப்ளேட்கள் (படக் கட்டங்கள் தயாராக உள்ள, ஃபோட்டோஷாப் கோப்பாக வரும் பக்க அமைப்புகள்) நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது வசதி, முன்னோட்டம் தெளிவாக வரும், பக்கத்திலுள்ள ஃபில்டர் பட்டியில் கீவேர்டை டிக் செய்தால் மற்றதெல்லாம் ஒதுங்கிவிடும். ஸ்மார்ட் கலெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, ‘ரிப்பன், நாலு நட்சத்திரத்துக்கு மேல்’ என்று நிபந்தனை கொடுத்து வைத்தால் பிற்பாடு சேர்க்கிறதும் தானாக அதில் வந்து உட்காரும். ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதனோடு வரும் ஆர்கனைசரே போதும், ஆனால் அதில் கேட்டலாகில் கோப்புகளை முதலில் சேர்க்க வேண்டும், சேர்த்த பிறகு விண்டோஸ் வழியாக ஃபோல்டரை நகர்த்தினால் அது தேடிக்கொண்டு நிற்கும்.

இவற்றில் எதுவும் ஜிப்புக்குள் எட்டிப் பார்க்காது. ஆகவே முதல் வேலை பிரித்துப் போடுவது. அடுத்தது டேக் போடுவது, இங்கேதான் பாதிப் பேர் களைத்துப்போய்விடுகிறார்கள். எல்லாக் கோப்புக்கும் நிறம், வடிவம், மனநிலை, பருவம் என்று எட்டு டேக் போடப் போனால் ஒருநாளும் முடியாது. பொருளின் பேர் ஒன்று போதும். பூ, இலை, ரிப்பன், பட்டன், சட்டம், தையல், பெயிண்ட் சிதறல், கயிறு, சொல் பட்டை. நிறத்தை டேக்காகப் போடவே வேண்டாம், ஏனென்றால் நிறத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய கிட் ஒன்றைத் திறந்து, அதை மட்டும் டேக் செய்துவிட்டு, அதிலிருந்து ஒரு பொருளையாவது அந்தப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். வேலையும் நடக்கிறது, அலுப்பும் தட்டவில்லை.

சரி, தேடி எடுத்தாயிற்று. இனி எடிட்டர்.

இதில் எனக்கு மிகப் பிடித்துப்போனது ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே ஓடுகிறது, இவான் குட்ஸ்கிர் என்கிற ஒரே நிரலாளர் உருவாக்கியது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். பிஎஸ்டி திறக்கிறது, லேயர் ஸ்டைல் (லேயர் என்கிற அடுக்குக்கு நிழல் போன்ற தோற்றம் தருவது), கிளிப்பிங் மாஸ்க் (ஒரு லேயரைக் கீழுள்ளதன் உருவத்துக்குள் மட்டும் காட்டுவது) எல்லாம் வருகிறது, ஃபோட்டோஷாப் குறுக்கு விசைகளே பெரும்பாலும் வேலை செய்கின்றன. படம் உங்கள் கணினியிலேயே திறக்கப்படுகிறது, சர்வருக்கு ஏற்றப்படுவதில்லை. ஓரத்தில் விளம்பரம் வரும், அதுதான் விலை. ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும்: 12 அங்குலச் சதுரப் பேப்பர் 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600க்கு 3600 பிக்சல். டிஸ்கில் ஜேபிஜியாகச் சில எம்பிதான் இருக்கும், ஆனால் திறந்ததும் ஒரு லேயரே நினைவகத்தில் கிட்டத்தட்ட 39 எம்பி பிடிக்கும், எட்டு பிட் ஆர்ஜிபி கணக்கில். இருபது லேயர் ஆனால் பிரவுசருக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். வேறு டேப்களை மூடிவிட்டு உட்காருங்கள்.

கிம்ப் என்கிற இலவச எடிட்டர் கனமான வேலைக்கு. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களைப் படத்தோடு ஒட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளலாம், அதாவது ரிப்பனின் நிறத்தை மாற்றிவிட்டு, பக்கம் முடிகிற நேரத்தில் ‘இன்னும் கொஞ்சம் பச்சை’ என்று திரும்பிப் போய்த் திருத்தலாம். பழைய சரக்கை நிறம் மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே கிம்ப்பைப் பரிந்துரைப்பேன். குறை என்னவென்றால் டெம்ப்ளேட்கள். ஃபோட்டோஷாப்பில் செய்த லேயர் ஸ்டைல்கள் முழுசாக அப்படியே வந்துவிடும் என்று நம்ப முடியாது, கிளிப்பிங் மாஸ்க்குக்கு ஃபோட்டோஷாப்பில் இருக்கிற எளிமையும் இதில் இல்லை. டெம்ப்ளேட்டை ஃபோட்டோபீயில் திற, நிறம் மாற்றுவதைக் கிம்ப்பில் செய் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அஃபினிட்டி என்கிற எடிட்டரையும் சொல்ல வேண்டும். 2024இல் அதைக் கான்வா நிறுவனம் வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டார்கள், கான்வா கணக்கு வேண்டும். ஒரு படத்தை வடிவத்தின் மேல் இழுத்து உள்ளே போட்டால் கிளிப் ஆகிவிடுகிற விதம் ரொம்பச் சுலபம். ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2025 பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமமாக மாறிவிட்டது, முன்னைப் போல ஒருமுறை வாங்கிக் காலமெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. பழைய பதிப்பு உங்களிடம் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.

இனி சரக்கைப் பற்றி. ஒரு கிட்டில் எது நீண்ட நாள் உழைக்கிறது, எது சீக்கிரம் செத்துப்போகிறது என்று பார்த்தால் நாம் வாங்கும்போது மயங்கியதற்கு நேர் எதிராக இருக்கிறது. முன்னோட்டத்தில் பளபளவென்று நடுவில் உட்கார்ந்திருக்கும் கொத்து, அதாவது பூவும் ரிப்பன் முடிச்சும் கிளிட்டரும் நிழலோடு சேர்த்து ஒட்டிய ஒற்றைப் பிஎன்ஜி, ஒரு பக்கத்துக்குமேல் தாங்காது. பார்த்ததும் ‘இது அந்தக் கிட்’ என்று தெரிந்துவிடும். நிறம் மாற்றினால் பூவோடு சேர்ந்து இலையும் மாறும், திருப்பினால் ஒட்டிய நிழல் தலைகீழாகும். ஓரத்தில் கண்டுகொள்ளாமல் கிடக்கும் வெறும் ஒற்றை நிறப் பேப்பர், தையல் வரி, பெயிண்ட் சிதறல், ஒற்றை இலை, இவைதான் எத்தனை பக்கம் போட்டாலும் அடையாளம் காட்டாமல் உழைக்கின்றன. ஒரு கிட்டுக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் அதன் ஒற்றை நிறப் பேப்பர்களின் நெசவு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அந்தப் பேப்பர்களிலிருந்து புதுப் பேப்பர் செய்வதுதான் எல்லாவற்றிலும் லாபமான வித்தை. எந்தக் கிட்டிலாவது ஒரு பூவேலைப் பேப்பரை எடுங்கள். நிறத்தை முழுசாக உறிஞ்சிச் சாம்பலாக்குங்கள். வேறொரு கிட்டின் ஒற்றை நிறப் பேப்பருக்கு மேலே வைத்து, பிளெண்ட் மோடை (மேல் லேயர் கீழுள்ளதோடு கலக்கும் விதம்) சாஃப்ட் லைட் அல்லது ஓவர்லே ஆக்குங்கள். நடுத்தரச் சாம்பல் மறைந்துவிடும், அதைவிட வெளிறியது கீழேயுள்ள நிறத்தை வெளுக்கும், அடர்ந்தது அடர்த்தியாக்கும். கீழே இருப்பதன் நிறமும் நெசவும் அப்படியே நிற்க, மேலே இருந்ததன் பூவேலை மட்டும் அச்சடித்தது போல இறங்கும். பத்துப் பூவேலை, பத்து ஒற்றை நிறம் இருந்தால் நூறு பேப்பர் கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று: சாம்பலாக்கிய பிறகு எல்லாமே ஒரே நடுத்தரச் சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றும் இறங்காது, லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் கொஞ்சம் இழுத்துப் பிரித்துவிட வேண்டும்.

அளவைக் குறைப்பதும் இதே மாதிரி எளிது. பெரிய பெரிய ரோஜா அச்சடித்த பேப்பரைப் பாதியாகச் சுருக்கினால் அது சின்னப் பூ போட்ட பேப்பர், படத்துக்குப் பின்னால் ஓரம் தெரிகிற அட்டையாக வைக்க அருமையாக இருக்கும். சுருக்குவதில் தரம் கெடாது. பெரிதாக்குவதில்தான் ஆபத்து. மூன்று அங்குலப் பூ என்பது 900 பிக்சல், அதைப் பக்கம் முழுக்கப் பரப்பினால் 75 பிபிஐ ஆகிவிடும், திரையில் தெரியாது, அச்சில் மசமசவென்று வரும். பழைய கிட்டுகளில் 2400 பிக்சல் பேப்பர் கிடைத்தால் இழுக்காதீர்கள், எட்டு அங்குலப் பக்கத்துக்கு அது கச்சிதம்.

நிறம் மாற்றுவதைப் பற்றி எல்லாரும் ‘ஹியூ (நிறச் சாயல்) ஸ்லைடரை நகர்த்து’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வெள்ளை டெய்சிப் பூவை எடுத்துக்கொள்வோம், நடுவில் மஞ்சள், அடியில் பச்சைக் காம்பு. ஹியூவை நகர்த்தினால் மஞ்சளும் பச்சையும் கோணல்மாணலாக மாறும், இதழ் வெள்ளையாகவே நிற்கும், ஏனென்றால் வெள்ளையில் மாற்றுவதற்கு நிறமே இல்லை. இதழுக்கு நிறம் வேண்டுமென்றால் பூவுக்கு மேலே ஒரு லேயர் போட்டு, பூவோடு கிளிப் செய்து, மல்டிப்ளையில் வைத்து, வேண்டிய நிறத்தால் இதழ் மேல் மட்டும் தடவ வேண்டும். இதழின் மடிப்பும் நிழலும் அந்த நிறத்துக்குள் அப்படியே தெரியும். கறுப்புப் பொருளுக்கு மல்டிப்ளை பயன்படாது, அங்கே ஸ்கிரீன். நடுவிலுள்ள மஞ்சளை மட்டும் மாற்ற, ஹியூ சாச்சுரேஷன் பெட்டியில் மஞ்சள் என்கிற வரிசையை மட்டும் தேர்ந்து நகர்த்தினால் போதும், கிம்ப்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் இந்தப் பிரிவு உண்டு. மஞ்சளை நீலமாக்கினால் திடீரென்று இருண்டுபோன மாதிரி இருக்கும், அது உங்கள் கண்ணின் கோளாறு இல்லை, மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம், நீலம் அப்படி இல்லை. லைட்னெஸ்ஸைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். சிவப்பைப் பச்சையாக்கினால் விளக்கு எரிகிற மாதிரி கூசும், அங்கே சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) குறைக்க வேண்டும்.

இன்னொரு வித்தை, எந்த எலிமென்ட்டையும் பஞ்சிங் மிஷின் ஆக்குவது. லேஸ் வட்டம் ஒன்று இருக்கிறது, பலமுறை போட்டு அலுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேயர் சிறுபடத்தின் மேல் கண்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்தால் அதன் உருவம் தேர்வாகும், கிம்ப்பில் ஆல்ஃபாவைத் தேர்வாக்கு என்று மெனுவில் இருக்கிறது. அந்தத் தேர்வை வைத்துக்கொண்டு லேஸை மறைத்துவிட்டு, ஒரு பேப்பரில் டிலீட் அழுத்துங்கள். பேப்பரில் லேஸ் வடிவத்தில் ஓட்டை விழும், அடியில் இன்னொரு பேப்பர், மேலுள்ளதற்கு ஒரு மெல்லிய நிழல். கத்தரித்தெடுத்த வேலைப்பாடு மாதிரி இருக்கும், பழைய லேஸ் என்று யாருக்கும் தோன்றாது. இலை, பறவை, பழைய சொல் பட்டை, எதிலும் இது நடக்கும்.

டெம்ப்ளேட்டில் சுருக்கமாகச் சொல்வதானால், தொண்ணூறு டிகிரி திருப்புங்கள், கண்ணாடி போலப் புரட்டுங்கள், மூன்று படக் கட்டங்களை ஒன்றாக்குங்கள். திருப்பும்போது லேயர் ஸ்டைலாக உள்ள நிழல் திசை மாறாது, லேயரோடு சேர்த்து உறைந்துபோன நிழல் கூடவே திரும்பிவிடும், ஒரே பக்கத்தில் இரண்டு சூரியன் அடிக்கிற மாதிரி ஆகும். பழைய இலவச டெம்ப்ளேட்களில் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

எழுத்துக் கிட்டுகள்தான் நம்மைப் போலத் தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். மரத்தில், ஃபெல்ட்டில், தையலில் என்று அருமையான எழுத்துகள், ஆனால் 26 ஆங்கில எழுத்தோடு சரி. ஆகவே வாங்கியதோடு தூங்குகின்றன. அதற்கும் வழி இருக்கிறது. தமிழ் எழுத்துருவில் தலைப்பை டைப் செய்து, கிட்டின் பேப்பரை அதற்குள் கிளிப் செய்யுங்கள். எழுத்துரு தடிமனாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் பேப்பரின் பூவேலை தெரியவே தெரியாது. பலூ தம்பி நன்றாகக் கொழுத்தது, இந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. கேடமரான் எழுத்துருவில் ஒன்பது எடைகள் (தடிமன் அளவுகள்) உண்டு, அதில் தடித்த கடைசி இரண்டும் இதற்கு ஆகும். கையெழுத்துப் பாணி வேண்டுமென்றால் கவிவனார் இருக்கிறது, ஆனால் அதற்குள் பேப்பர் நிரப்பாமல் ஒற்றை நிறத்தில் விடுங்கள். மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம்.

நிழல் போடும்போது தமிழுக்கென்று ஒரு சிக்கல் வரும். புள்ளியைப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கு அழகாக விழுகிற அதே நிழல் புள்ளிக்கு அடியில் கறுப்புக் கறையாகத் திரளும், ‘ண’வின் சுழிக்குள் நிரம்பி எழுத்தையே அடைத்துவிடும். தூரத்தையும் பரவலையும் பாதியாகக் குறையுங்கள், நிழலுக்குக் கறுப்பை விட்டுவிட்டு அடர் பழுப்பு கொடுங்கள், பேப்பரோடு ஒட்டிப் போகும். ஃபோட்டோஷாப்பில் டைப் செய்தால் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தாறுமாறாக வந்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போஸர் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். கிம்ப்பில் இந்தத் தொந்தரவு இல்லை, டைப் செய்தது செய்தபடி வரும்.

அப்புறம் அந்த ஆங்கில எழுத்துக் கிட்டுகளில் எண்கள் இருந்தால் தேதிக்கு ஆகும். ஆங்கில ‘O’ எழுத்து குட்டிப் படச் சட்டம், உள்ளே ஒரு முகம் வைத்துப் பாருங்கள். ஆச்சரியக்குறியின் அடிப்புள்ளி மரத்தில் செதுக்கியதாக இருந்தால், அதைத் தனியே வெட்டித் தமிழ்த் தலைப்பின் புள்ளியாக வைக்கலாம், மற்ற எழுத்தெல்லாம் பேப்பரில், புள்ளி மட்டும் மரத்தில், பார்க்க நன்றாகவே இருக்கிறது. லேயர் ஸ்டைல் கோப்புகளாக வந்த ஃபெல்ட், கிளிட்டர் வகைகளைத் தமிழ் எழுத்தின் மேல் நேராகவே போடலாம், எழுத்துப் படங்களைவிட ஸ்டைல் கோப்புகள் எனக்கு லாபமாகத் தெரிவது இதனால்தான். அவை 300 பிபிஐ-க்குச் செய்தவையாக இருந்தால் சின்னப் பக்கத்தில் கரடுமுரடாகத் தெரியும், ஸ்கேல் எஃபெக்ட்ஸில் குறைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தில் ஒரு கறார். நிறத்தை மாற்றினால், பாதியாக வெட்டினால், இரண்டைக் கலந்தால் அது உங்கள் சரக்கு ஆகிவிடாது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பூ நீலமாக மாறிய பிறகும் சொந்த உபயோகத்துக்குத்தான். செய்த பக்கத்தை வெளியே காட்டுவது வேறு, மாற்றிய பிஎன்ஜியை இன்னொருவருக்குக் கொடுப்பது வேறு, இரண்டாவதைப் பெரும்பாலான உரிமங்கள் அனுமதிப்பதில்லை.

மதிப்பீடு கேட்டால், தேடலுக்கு டிஜிகேம், ஐந்துக்கு நாலரை, அமைப்புப் பெட்டிகள் காடு மாதிரி விரிந்து கிடப்பதால் அரையைக் குறைக்கிறேன். டெம்ப்ளேட் அதிகம் வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்ஜ், நாலு. ஃபோட்டோபீ நாலு, கணினியில் நினைவகம் குறைவு என்றால் மூன்று. கிம்ப் நிறம் மாற்றவும் தமிழ்த் தலைப்புக்கும் நாலரை, டெம்ப்ளேட்டுக்கு இரண்டரை. அஃபினிட்டிக்கு இன்னும் கொஞ்சம் பழகிவிட்டு மதிப்பெண் போடுகிறேன்.

பழைய சரக்கு எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நினைக்க வேண்டாம். விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எலிமென்ட்களை ஃபோட்டோஷாப்பின் டிஃப்ரிஞ்ச் ஒரு பிக்சல் அளவுக்குச் சரிசெய்யும், அதற்கும் அடங்காதவை, பல்லிளிக்கும் விளிம்பு உள்ளவை, நிழல் உறைந்த கொத்துகள், உரிமக் கோப்பு தொலைந்து யாருடையது என்றே தெரியாதவை, இவற்றையெல்லாம் டேக் போடும்போதே அழித்துவிடுங்கள். அவற்றுக்கு டேக் போடுகிற நேரத்தில் இரண்டு நல்ல பேப்பரைக் கலந்துவிடலாம்.